சாயங்காலம் மட்டும் படுக்கும் கம்ப்யூட்டர்

பாகூர் கொம்யூனில், வயலை ஒட்டிய ஒரு கிராமத்தில் உறவுக்காரத் தம்பி ஒருவன் கல்யாண வீடியோ எடிட் செய்கிறான். ரெண்டர் சீக்கிரம் முடியட்டும் என்று சென்னை ரிச்சி தெருவில் கிராபிக்ஸ் கார்டும் கூடுதல் ராமும் வாங்கி வந்து மாட்டினான். அதிலிருந்து பாதி ரெண்டரில் கம்ப்யூட்டர் தானாக அணைந்து தானாக எழுந்தது. "புதுசா மாட்டுனதுலதாண்ணா கோளாறு, திருப்பிக் குடுத்துடலாமா?" என்றான். பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

முதல் சந்தேகம் ராம் மேல். மெம்டெஸ்ட்86-ஐ ராத்திரி முழுக்க ஓடவிட்டோம். ஒரு பிழையும் இல்லை. சூடும் அளவுக்குள்தான். விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் ஒவ்வொரு முறையும் 'கெர்னல்-பவர் 41' என்ற பதிவு. முறையாக மூடாமல் இயந்திரம் நின்றுபோனது என்பதற்கு மேல் அது ஒன்றும் சொல்லாது. ஆனால் நீலத்திரையும் வரவில்லை, டம்ப் கோப்பும் இல்லை. டிரைவரோ ராமோ தகராறு செய்தால் பெரும்பாலும் இரண்டில் ஒன்றாவது மிஞ்சும். ஆக, கரண்டைத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

பதிவுகளின் நேரத்தைப் பார்த்தோம். அநேகமாக எல்லாமே சாயங்காலத்துக்குப் பிறகு. மல்டிமீட்டரைப் பிளக்கில் வைத்தால், 230 இருக்க வேண்டிய இடத்தில் 180-ஐ ஒட்டி முள் ஆடியது. பக்கத்தில் போர்வெல் மோட்டார் கிளம்பினால் இன்னும் சரியும். கிளம்பும் நொடியில் மோட்டார் வழக்கத்தைவிட ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும். உடனே இன்வெர்ட்டர் 'டிக்'கென்று பேட்டரிக்கு மாறும். அதே கணத்தில் கம்ப்யூட்டரும் விழுந்தது.

இந்த வோல்டேஜும் இன்வெர்ட்டரும் முன்பும் இருந்தவைதானே? கார்டைக் கழற்றிப் பார்த்தோம். இன்வெர்ட்டர் மாறியது, கம்ப்யூட்டர் அசையவில்லை.

விடை, கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டிக்குள் இருந்தது. இன்வெர்ட்டர் மாறும் சில மில்லி செகண்டுகளைச் சமாளிக்க உள்ளே ஒரு பெரிய கெப்பாசிட்டர், சிறு தண்ணீர்த் தொட்டி மாதிரி, கரண்டைச் சேமித்து வைக்கிறது. சேமிப்பு வோல்டேஜின் இருமடிக்கு ஏற்ப மாறும்: 180 வோல்ட்டில் வழக்கமான சேமிப்பில் சுமார் 60 சதவீதம்தான் இருக்கும். பழைய சுமைக்கு அது போதும். புது கார்டோ 120 வாட் இழுப்பது. பெட்டியின் வெளியே 450 வாட் என்று பெரிதாகப் போட்டிருந்தார்கள். லேபிளின் சின்ன எழுத்தில் 12 வோல்ட்டுக்கு 16 ஆம்பியர், அதாவது 192 வாட். கார்டும் பிராசசரும் இழுப்பது இந்த 12 வோல்ட்டில்தான்; பிராசசரின் 65 வாட்டைக் கார்டோடு கூட்டினாலே 185 வந்துவிடுகிறது.

ஆக்டிவ் பிஎஃப்சி உள்ள எஸ்எம்பிஎஸ் ஒன்றை மாட்டினோம். வெளி வோல்டேஜ் இறங்கினாலும் அது உள்ளே கெப்பாசிட்டரை ஏறத்தாழ 380 வோல்ட்டிலேயே வைத்திருக்கும். அதன்பிறகு ரெண்டர் நடுவில் நிற்கவில்லை. கார்டும் ராமும் மாட்டிய இடத்திலேயே இருக்கின்றன.

கார்டு வாங்கப் போகிறவர்கள் முதலில் பழைய பெட்டியின் லேபிளில் 12 வோல்ட் வரியைப் படியுங்கள். வீட்டு வோல்டேஜை மத்தியானத்தில் அளக்காதீர்கள். விளக்கு வைத்த பிறகு அளந்து பாருங்கள்.