சூடு ஆறும் முன்

நியூயார்க்கில் குடியேறிய முதல் குளிர்காலத்தில், சனிக்கிழமைக்கு ஒரு பீட்சாக் கடை என்று திட்டம் போட்டுக்கொண்டேன். ஊரிலேயே சிறந்தது எது என்று கண்டுபிடித்துவிட வேண்டும் என்ற வேகம். சின்ன நோட்டு ஒன்றில் கடையின் பெயர், தெரு, பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று மூன்று கட்டம் போட்டேன். அலுவலகத்தில் விசாரித்தபோது ஆளுக்கொரு கடையைச் சொன்னார்கள். பெரும்பாலும் அது அவரவர் வளர்ந்த தெருவின் கடையாக இருந்தது.

பழைய கடைகளிலிருந்து தொடங்கினேன். மன்ஹாட்டனின் ஸ்பிரிங் தெரு லொம்பார்டி கடையின் வரலாறு 1905-லிருந்து சொல்லப்படுகிறது. அங்கே வேலை பார்த்த ஆன்டனி பெரோ 1924-இல் கோனி ஐலண்டில் ‘டோட்டோனோஸ்’ கடையைத் திறந்தார். பிளீக்கர் தெருவின் ‘ஜான்ஸ்’ 1929-இல் வந்தது, கிழக்கு ஹார்லெமின் ‘பாட்சீஸ்’ 1933-இல். நேப்பிள்ஸில் விறகு அடுப்பில் சுட்டுப் பழகிய கை, இங்கே நிலக்கரிக்கு மாறியது. அந்த அனலில் மாவு சில நிமிடங்களில் வெந்துவிடும். அடிப்பக்கம் கறுப்புப் புள்ளிகளோடு மொறுமொறுவென்று இருக்கும், உள்ளே மெத்தென்று. தீய்ந்த இடத்தின் இளங்கசப்பு தக்காளியின் புளிப்போடு சேரும்போது, சீஸ் கொஞ்சமாகப் போட்டிருப்பதன் காரணம் நாக்குக்குப் புரியும். ‘ஜான்ஸ்’ கடையில் துண்டாக விற்பதில்லை. முழுசாகத்தான் வாங்க வேண்டும். அதை ஒரு கண்டிப்பு என்று மட்டும்தான் அன்றைக்கு நினைத்தேன்.

ஊர்க்காரர்கள் அன்றாடம் சாப்பிடுவது நிலக்கரி பீட்சா அல்ல, துண்டுதான். இரண்டாம் உலகப் போருக்குப் பின் காஸ் அடுப்புகள் பரவியபோது அதுவும் தெருத்தெருவாகப் பரவியது. 18 அங்குல வட்டம், எட்டுத் துண்டு. காகிதத் தட்டில் வாங்கி, நீளவாக்கில் மடித்து, நடந்துகொண்டே சாப்பிடலாம். துண்டின் விலையும் சுரங்க ரயில் கட்டணமும் கைகோத்து ஏறுவதை 1980-லேயே கவனித்துப் பத்திரிகையில் எழுதியிருக்கிறார்கள். வட்டத்தை முதலில் சுட்டுக் கண்ணாடிக்குப் பின்னால் வைப்பார்கள். யாராவது கேட்டதும் ஒரு துண்டை மறுபடி அடுப்புக்குள் தள்ளிச் சூடாக்கித் தருவார்கள். ஆக, ஒரு துண்டு இரண்டு முறை அடுப்பேறுகிறது. இரண்டுக்கும் நடுவே எத்தனை நேரம் போனது என்பதில்தான் அதன் தலையெழுத்தே இருக்கிறது.

இது எனக்குப் பிடிபட ஒரு ஏமாற்றம் தேவைப்பட்டது. பலரும் கொண்டாடும் ஒரு கடைக்கு மாலை நான்கரை மணிக்குப் போனேன். கடையில் கூட்டமே இல்லை. எனக்குக் கிடைத்த துண்டில் சீஸ் இறுகி, மேலே எண்ணெய் மட்டும் மினுங்கியது. நோட்டில் நான்கு மதிப்பெண் போட்டேன். மனசு கேட்காமல் அடுத்த வாரமும் அங்கேயே போனேன், இந்த முறை பகல் பன்னிரண்டரைக்கு. கூட்டம் வாசல் வரை நின்றது. அடுப்பிலிருந்து இறங்கிய வட்டத்திலிருந்து நேராக ஒரு துண்டு வந்தது. மாவின் புளித்த மணம் மூக்கைத் தொட்டது. மடித்தபோது ஓரம் மெல்ல முறிந்தது. அதே கடை, அதே மாவு, அதே அடுப்பு. ஒன்பது போட்டேன். அப்படியானால் முதலில் போட்ட நான்கு எதற்கு என்ற கேள்வி அன்று முழுக்கக் குடைந்தது.

பிறகு புரூக்ளினின் மிட்வுட்டுக்குப் போனேன். அவென்யூ ஜே-யில் கியூ ரயிலை விட்டு இறங்கினால் ‘டி ஃபாரா’ பக்கத்தில்தான். 1965-இல் கடையைத் திறந்த டொமினிக் டிமார்கோ, முதுகு வளைந்த அந்த வயதிலும் அடுப்பருகே நின்றிருந்தார். கொதிக்கும் பீட்சாவை வெறுங்கையால் வெளியே இழுத்தார். சீஸைத் துருவித் தூவினார். ஆலிவ் எண்ணெயை மெல்லச் சுற்றி ஊற்றினார். பேசில் கொத்தைக் கையில் பிடித்துக் கத்தரியால் அதன் மேல் நறுக்கினார். கத்தரியின் சத்தம் எங்கள் வரிசை வரைக்கும் கேட்டது. பச்சை வாசனை சூட்டில் பட்டுக் கிளம்பியது. அதன் பிறகே அடுத்த வட்டத்தின் பக்கம் திரும்பினார். ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தோம். முணுமுணுப்பு எதுவும் எழவில்லை. அவருடைய பீட்சா எங்களுக்காகக் காத்திருக்கவில்லை. நாங்கள்தான் அதற்காகக் காத்திருந்தோம். ‘ஜான்ஸ்’ ஏன் துண்டு விற்பதில்லை என்பதும் அங்கே நின்றபோதுதான் விளங்கியது. 2022-இல் அவர் காலமான செய்தி வந்த அன்று என் காதில் கேட்டது அந்தக் கத்தரிச் சத்தம்தான்.

நான் குடியிருந்தது குவீன்ஸில், ஏழாம் எண் ரயில் தலைக்கு மேலே தடதடக்கும் தெருவில். முனையில் ஒரு சாதாரணக் கடை. எந்தப் பட்டியலிலும் அதன் பெயர் கிடையாது. அடுப்பைப் பார்த்துக்கொண்டவர் மெக்சிகோவின் புவெப்லாவிலிருந்து வந்தவர். ஒரு நாள் கண்ணாடிக்குப் பின்னாலிருந்த துண்டைக் காட்டிக் கேட்டேன். அவர் தலையசைத்து மறுத்தார்.

“அது வேண்டாம். நாலு நிமிஷம் நில்லுங்க, புதுசு வருது.”

பழைய துண்டைத் தள்ளிவிட்டிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கப் போவதில்லை. அவருக்கு அது பொறுக்கவில்லை. பக்கத்துப் பள்ளிக்கூடம் விட்டு, பிள்ளைகள் புத்தகப்பையோடு உள்ளே நுழைந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்காகத்தான் அடுப்பு நிறைந்திருந்தது. நின்ற இடத்திலேயே சாப்பிட்டேன், மேலண்ணம் சுட்டது. வீட்டுக்குக் கட்டிக்கொண்டு போயிருந்தால் அட்டைப் பெட்டிக்குள் ஆவி சுற்றி, அடிப்பக்கம் பத்து நிமிடத்தில் நமுத்துப் போயிருக்கும்.

நல்ல பீட்சாவின் ஆயுள் சில நிமிடங்கள்தான். நல்ல மாவும் தக்காளியும் அடுப்பும் அந்தச் சில நிமிடங்களுக்காகவே பாடுபடுகின்றன. அந்த நேரத்தில் ஒருவர் கவனமாக எடுத்துக் கொடுக்க வேண்டும், வாங்குபவரும் அங்கே நிற்க வேண்டும். ஊருக்கு வருகிற நண்பர்கள் எந்தக் கடைக்குப் போகலாம் என்று கேட்டால், எத்தனை மணிக்குப் போவீர்கள் என்றுதான் முதலில் கேட்கிறேன்.

அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் கடையின் பெயருக்கும் தெருவுக்கும் போட்ட கட்டங்கள் காலி. மூன்றாவது கட்டத்தில் மதிப்பெண்ணுக்குப் பதிலாக எழுதியிருக்கிறேன்: மூன்றேகால் மணி.