நான்கு தறையாணிகள்

என் தந்தையார் மோட்டார் சைக்கிள் திருத்துபவர். இந்த ஒரு வாக்கியத்தை இவ்வளவு நேராக எழுதுவதற்கு எனக்குச் சில ஆண்டுகள் பிடித்தன. பல்கலைக்கழகத்திற்கென நிரப்பிய முதலாவது படிவத்தில், தந்தையின் தொழில் என்ற கட்டத்துள் ‘சுயதொழில்’ என்று எழுதியிருந்தேன். அது பொய்யன்று. ஆயினும் அதனை எழுதியபோது நான் எதனை மறைக்க விரும்பினேன் என்பது எனக்குத் தெரியும்.

வடமராட்சியில் எங்கள் வீட்டின் பின்புறத்தே தகரக் கூரையிட்ட கொட்டில் ஒன்றுண்டு. அதுவே பட்டறை. நிலத்தில் நட்ட பனங்குற்றியின் மேல் ஒரு வைஸ். சுவரில் அரங்கள், உளிகள், சாவிகள். 2022 பங்குனி இறுதியில் நான் விடுமுறையில் வந்திருந்தபோது அக்கொட்டில் என்றுமில்லாதவாறு நிறைந்து கிடந்தது. புதிய வாகனங்களின் இறக்குமதி 2020ஆம் ஆண்டிலேயே நிறுத்தப்பட்டுவிட்டமையால் பழைய வண்டிகளே ஓடவேண்டியிருந்தன. அம்மாதம் ரூபாயின் பெறுமதி சரிந்ததும், உதிரிப்பாகத்திற்குக் காலையிற் கேட்ட விலை மாலையில் இல்லையென்றாயிற்று. மாதக் கடைசியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை நீண்டது.

அந்நாள்களில் வந்த வண்டிகளுள் ஒன்று ஒரு மீன் வியாபாரியினுடையது. பின்னால் மீன்பெட்டி கட்டிய பழைய வண்டி. எஞ்சினுள்ளே ‘கடகட’ என்று ஓர் ஓசை. தந்தையார் பக்க மூடியைக் கழற்றிக் கிளச்சின் கூடையை வெளியே எடுத்து வைத்திருந்தார்.

கலைப்பீட நண்பர்களுக்காகச் சிறிது விளக்குதல் வேண்டும். கூடை எனப்படுவது அலுமினியத்தாலான கிண்ணம் போன்றதொரு பாகம். அதன் முதுகில் உருக்குப் பற்சக்கரம் ஒன்று பொருந்தியிருக்கும். எஞ்சினின் உதைப்பைத் தாங்குவதற்காக இரண்டிற்குமிடையே சிறு சுருள்வில்கள் உண்டு. இவை யாவற்றையும் ஒரு தகட்டினால் மூடி, நான்கு உருக்குத் தறையாணிகளால் இறுக்கிவிடுகிறார்கள். வில்கள் தளர்ந்தால் கூடை ஆடும், ஓசை பிறக்கும். வில்லை மாற்றுவதற்குத் தகட்டைத் திறக்கவேண்டும். தகட்டைத் திறப்பதற்குத் தறையாணிகளை அகற்றவேண்டும். சிக்கல் இங்கேதான் இருக்கிறது. திருகாணி கழலுவதற்கென்றே செய்யப்படுவது. தறையாணியோ தலை பரப்பி அடிக்கப்பட்டபின் திரும்பி வருவதற்கான வழி எதனையும் வைத்திருப்பதில்லை. அதனாலேதான் இத்தகைய கூடையை எறிந்துவிட்டுப் புதியதைப் பூட்டுவது வழக்கம். அன்று புதியது எங்கும் கிடைக்கவில்லை.

தறையாணி என்ற சொல்லை நான் அகராதியிலேதான் கண்டேன். எங்கள் கொட்டிலில் அது ‘றிவெற்’. ஒருநாள் அச்சொல்லைத் தந்தையாருக்குச் சொன்னேன். “அப்பிடிச் சொன்னாப் போலை இளகிப் போகுமோ, தம்பி?” என்று கேட்டுச் சிரித்தார்.

அன்று பின்னேரம் அவர் மண்ணெண்ணெய் வரிசைக்குப் போயிருந்தார். மின்சாரம் வந்தது. எப்போது போகும் என்பது தெரியாது. வியாபாரி விடியற்காலையில் வருவதாகச் சொல்லியிருந்தார். அவர் வரும்வரை காத்திராமல் நானே இதனைச் செய்துவிடலாமே என்று எண்ணினேன். உழைப்பின் மேன்மை பற்றி அந்தத் தவணையில் ஒரு கட்டுரை எழுதி நல்ல புள்ளியும் பெற்றிருந்தேன் என்பதை இங்கே சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

முதலில் அரத்தை வைத்துப் பார்த்தேன். கண்ணாடியில் ஓடுவதுபோல் வழுக்கியது. பின்பு மின்துளைக்கருவியை முழு வேகத்தில் ஓடவிட்டு அழுத்தினேன். கீச்சென்ற ஓலம் எழுந்தது, புகை வந்தது. எடுத்துப் பார்த்தபோது அலகின் முனை நீலம் பாய்ந்து மழுங்கியிருந்தது. தறையாணியின் தலை முன்னிலும் பளபளத்ததேயன்றி ஒரு குழிதானும் விழவில்லை. எனக்குச் சினம் மூண்டது. கூடையைச் சீமெந்து நிலத்திற் கவிழ்த்து வைத்து, உளியைத் தலையின் ஓரத்திற் பிடித்து, பெரிய சுத்தியலால் ஓங்கி அடித்தேன். நான்காவது அடியில் ஓசை மாறியது. திருப்பிப் பார்த்தபோது, தறையாணி உட்புகுந்திருந்த அலுமினியக் குமிழில் மயிரிழை போன்று ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. தறையாணி இருந்தபடியே இருந்தது.

தந்தையார் வந்து, கூடையை எடுத்து, விளக்கருகே பிடித்துப் பார்த்தார். நான் எதிர்பார்த்த கேள்வி வரவில்லை.

“கண்ணாடி போட்டனியோ? கண்ணிலை ஒண்டும் படேல்லையே?”

கடினமான உருக்கைக் கடினமான உருக்கினால் அடித்தால் இரண்டில் ஒன்று சிதறும் என்பதும், அச்சிதறல் கண்ணைத் தேடி வருவது போலவே வரும் என்பதும் பட்டறையில் நிற்பவர் எவருக்கும் தெரியும். எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அன்றிரவு உணவின் பின் அவர் என்னைக் கூப்பிட்டார். “வா, எடுப்பம்” என்றார். வெடித்துப்போன கூடையில் இனி எடுத்து என்ன பயன் என்று கேட்க எனக்கு வாயெழவில்லை. பழுக்கக் காய்ச்சினால் உருக்கு இளகிவிடுமே என்று மட்டும் கேட்டேன். கொல்லர் அப்படிச் செய்வதைக் கண்டிருக்கிறேன். சிவக்கக் காய்ச்சிய இரும்பைச் சாம்பலுட் புதைத்து மெல்ல ஆறவிடுவார்கள். “இதிலை ஏலாது. றிவெற் சிவக்க முதல் கூடை உருகி ஓடியிடும்” என்றார். பிற்பாடு நூலிற் பார்த்தேன். அலுமினியம் 660 பாகை செல்சியசில் உருகுகிறது. உருக்கை அவ்வாறு இளக்குவதற்கு 700 பாகைக்கு மேல் வேண்டும். தந்தையார் இவ்விரு எண்களையும் அறியாதவர்.

அவர் செய்தது இதுதான். நனைத்த சாக்குத் துண்டினால் பற்சக்கரத்தின் பற்களை மூடிக் கட்டினார். பற்களுக்குச் சூடேறினால் அவற்றின் கடினம் போய்விடும். பின்பு கிறைண்டரால் தறையாணியின் தலையைச் சிறிது சிறிதாகச் சீவினார். ஒரு கணம் தொடுவார், எடுத்து ஆறவிடுவார், மீண்டும் தொடுவார். தலை தகட்டோடு சமமானதும் நிறுத்தி, “இப்ப அரத்தை வைச்சுப் பார்” என்றார். வைத்தேன். அரம் கடித்தது!

“உது தோல்தான் தம்பி. உள்ளுக்கு வேறை.”

சிலவகை உருக்குப் பாகங்களின் மேற்பரப்புக்கு மட்டும் காபனை ஊட்டி, சூடேற்றி, சடுதியாகக் குளிர்வித்துக் கடினப்படுத்துவார்கள். அத்தோலின் தடிப்பு ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாயிருக்கலாம். உள்ளே இருப்பது மென்மையான உருக்கே. நான் ஒரு மணி நேரமாகப் போராடியது அந்தத் தோலோடுதான்.

மின்சாரம் போய்விட்டது. அவர் அதனைப் பொருட்படுத்தவில்லை. நெஞ்சிலே தாங்கிக் கையாற் சுற்றும் பழைய துளைக்கருவி ஒன்றை எடுத்தார். சீவிய முகத்தின் நட்டநடுவில் பஞ்சினால் ஒரு புள்ளியிட்டு, தேங்காயெண்ணெய் விட்டு, என்னையே சுற்றச் சொன்னார். “கெதியாச் சுத்தாதை. பாரம் குடு.” மெதுவாகச் சுற்றச் சுற்ற, அரிக்கன் விளக்கின் வெளிச்சத்தில் உருக்குச் சீவல்கள் சுருண்டு சுருண்டு மேலேறி வந்தன. பகலில் முழு வேகத்தோடு ஓலமிட்ட இடத்தில் இப்போது எண்ணெயின் மெல்லிய சரசரப்பு மாத்திரமே கேட்டது. போதிய ஆழம் போனபின், குமிழின் அடியிலே சரியாகப் பொருந்தும் குழாய்த் துண்டொன்றை முட்டுக்கொடுத்தார். பஞ்சை வைத்து ஒரே அடி. தறையாணி குழாயினுள் விழுந்த ஓசை எனக்கு இன்றும் கேட்கிறது. நான் அடித்தபோது குமிழுக்கு அடியில் ஒன்றுமே இருக்கவில்லை. அடி முழுவதையும் அலுமினியம் வாங்கிக்கொண்டது. நான்கையும் எடுத்து முடிக்கும்போது இரண்டு மணியிருக்கும்.

அதன்பின் அவர் படுக்கப் போகவில்லை. தமது வண்டியைச் சரித்து வைத்து, எண்ணெயை வடித்து, அதன் கிளச்சைக் கழற்றத் தொடங்கினார். அதுவும் அதே வகை வண்டி. ஓராண்டுக்கு முன்னரேதான் கூடை மாற்றியிருந்தார்.

விடிவதற்கு முன் வியாபாரி வந்தார். அவருக்குக் கடற்கரையில் ஏலத்திற்கு நிற்கவேண்டும்.

“உங்கடை கூடை வெடிச்சுப் போச்சு. என்ரை கை தவறிப் போச்சு” என்றார் தந்தையார். “வேறை ஒண்டு போட்டிருக்கு. காசு வேண்டாம்.”

வியாபாரி பாகங்கள் கழன்று கிடந்த எங்கள் வண்டியைப் பார்த்தார். “அப்ப நீங்கள், அண்ணை?”

“சைக்கிள் கிடக்கு.”

நான் கொட்டிலின் வாசலில் நின்றேன். ‘அது நான்’ என்ற இரண்டே சொற்கள். தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்க எண்ணியிருந்த எனக்கு அவ்விரண்டும் அகப்படவில்லை. இங்கே அவற்றை எழுதுகிறேன். எழுதுவது எளிது, அந்த வியாபாரி இம்மலரை வாசிக்கப்போவதில்லை.

தந்தையார் ஐந்து மாதங்கள் சைக்கிளில் திரிந்தார். பெற்றோல் வரிசைகளில் நிற்காமல் தப்பினேன் என்று அம்மாவிடம் சொல்லிக்கொள்வாராம். அடுத்த விடுமுறையில் வெடித்த குமிழை யாழ்ப்பாண நகரில் ஆகன் வெல்டிங் செய்வித்து வந்தோம். தறையாணிகளுக்குப் பதிலாக நான்கு உரமான போல்ற்றுகளை இட்டு, நட்டு கழலாதிருக்க அவற்றின் முனைகளைப் பஞ்சினால் அடித்து நசுக்கினோம். இம்முறை அடித்தவன் நான். முட்டைப் பிடித்தவர் அவர். வண்டி ஓடுகிறது. சிறிது ஓசை இருக்கிறது.

வியாபாரி இப்போதும் காலையில் எங்கள் படலையடியில் ஹோன் அடிக்கிறார். அவருடைய வண்டியில் ஓசையில்லை. நான் வீட்டில் நிற்கும் நாள்களிலும் சட்டியை எடுத்துக்கொண்டு போகிறவர் அம்மாதான்.