விண்ணப்பத்தோடு ஒரு கட்டுரை

மேல்நாட்டுப் பல்கலைக் கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள், மதிப்பெண் பட்டியலோடும் ஆசிரியரின் நற்சான்றோடும் தாங்கள் எழுதிய ஆய்வுக் கட்டுரை ஒன்றையும் சேர்த்து அனுப்பும் வழக்கம் இப்பொழுது மதுரை வீடுகளிலும் புகுந்திருக்கிறது. கூடவே பெற்றோர் நெஞ்சில் ஓர் அச்சமும் புகுந்திருக்கிறது. "கட்டுரை இல்லாவிட்டால் இடமே கிடைக்காதாமே, சாமி?" என்று ஞாயிறு பூசை முடிந்ததும் நம்மை நிறுத்திக் கேட்போர் உண்டு. அவர்களுக்காகவே இதனை எழுதுகிறோம்.

வழக்கம் நம் நாட்டுக்குப் புதிதன்று. 1928-ஆம் ஆண்டு ஜெர்மானியப் பௌதிக அறிஞர் சாமர்ஃபெல்டு சென்னைக்கு வந்திருந்தார். மாநிலக் கல்லூரி மாணவர் சந்திரசேகர், வயது 18, அவர் தங்கியிருந்த ஓட்டலுக்கே சென்று கண்டார். நீ கற்ற பௌதிகம் பழையதாகிவிட்டது என்று அவர் எடுத்துரைத்து, அச்சில் இருந்த தம் புதிய கட்டுரையின் படியை இளைஞரிடம் கொடுத்தார். மனம் உடைந்துபோக வேண்டிய இடம் அது. இளைஞரோ அக்கட்டுரையைப் படித்து, அதில் கண்ட புதிய முறையைக் கொண்டு தாமே ஒரு கட்டுரை எழுதி, கேம்பிரிட்ஜில் இருந்த ஃபவுலருக்கு அனுப்பினார். ஃபவுலர் திருத்தங்கள் சொன்னார், இவர் திருத்தினார், 1929-இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் ஏட்டில் அது வெளிவந்தது. மறு ஆண்டு அரசின் உதவிச் சம்பளம் பெற்று அதே ஃபவுலரிடம் பயிலக் கப்பல் ஏறினார். 1983-இல் நோபல் பரிசு பெற்றவர் இவரே.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். சந்திரசேகருக்குச் சர் சி. வி. இராமன் சிற்றப்பா. அறிஞர் நடமாடும் வீட்டில் பிறந்த பிள்ளை அவர். உசிலம்பட்டியிலும் வாடிப்பட்டியிலும் உள்ள நம் பிள்ளைகளுக்கு அத்தகைய சிற்றப்பா ஏது?

ஆனால் இராமானுஜனுக்கும் அப்படி எவரும் இல்லை. கல்லூரித் தேர்வில் தவறி, சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராக இருந்தவர், 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குத் தாம் கண்ட தேற்றங்களைத் தாள் தாளாக எழுதி அனுப்பினார். வேறு சில பேராசிரியர்களுக்கும் முன்பே எழுதியிருந்தார்; பயனில்லை. ஹார்டிக்கு அனுப்பியவற்றிலும் சில ஏற்கெனவே அறியப்பட்டவை. பகா எண்களைப் பற்றிக் கூறியவற்றுள் சில பிழையானவையுங்கூட. ஆயினும், பிழையும் அவருடையதாகவே இருந்தது. நிரூபணம் எங்கே என்று ஹார்டி கேட்டபோது பதில் எழுதும் பொறுப்பும் அவருடையதே. பட்டமில்லாத அவருக்கு அவ்வாண்டே சென்னைப் பல்கலைக் கழகம் மாதம் 75 ரூபாய் ஆய்வுச் சம்பளம் அளித்தது. சிற்றப்பா இல்லாத வீட்டுப் பிள்ளைக்குச் சொந்தக் கட்டுரையே சிற்றப்பா என்று நாம் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

இன்றைய நிலை என்ன? நம் நாட்டுக் கல்லூரிகளில் பெரும்பாலும் மதிப்பெண்ணும் நுழைவுத் தேர்வுமே இடத்தைத் தீர்மானிக்கின்றன. அங்கே இக்கவலைக்கு இடமில்லை. அமெரிக்காவில் எம்.ஐ.டி. எனப்படும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம், ஆய்வு செய்த மாணவர் விரும்பினால் அதனைத் தனியே அனுப்ப இடம் தருகிறது, கட்டாயம் இல்லை. பிரின்ஸ்டன் பல்கலைக் கழகம் கேட்பது இன்னும் எளியது: பள்ளி வகுப்பில் எழுதி, ஆசிரியர் மதிப்பெண் இட்ட கட்டுரை ஒன்று. அச்சேறிய ஏடு வேண்டாம். ஆசிரியரின் சிவப்பு மையே போதும்!

இவ்வளவு எளிய காரியத்தைச் சுற்றி ஒரு வாணிகம் எழுந்துவிட்டது. பல ஆயிரம் டாலர் வாங்கிக்கொண்டு, பள்ளிப் பிள்ளைக்கு ஒரு வழிகாட்டியை அமர்த்தி, சில வாரங்களில் கட்டுரையை முடித்து, சரிவரச் சோதிக்காத ஏடுகளில் அதை அச்சேற்றித் தரும் நிறுவனங்களைப் பற்றிப் புரோபப்ளிகா என்னும் அமெரிக்கச் செய்தி நிறுவனம் 2023-இல் விரிவாக எழுதியது. இப்பொழுதோ கேட்ட மாத்திரத்தில் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளும் கணினிப் பொறிகளும் வந்துவிட்டன. பணம் உள்ளவன் பிள்ளைக்குக் கட்டுரை, இல்லாதவன் பிள்ளைக்கு ஏக்கம் என்று ஆகிவிட்டால், துறைமுக எழுத்தர் தட்டிய கதவு மறுபடி அடைபட்டது என்றே பொருள்.

சென்ற ஆண்டு மேலூர்ப் பக்கத்து அன்பர் ஒருவர் தம் மகளோடு நம்மிடம் வந்தார். மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் மல்லிகை வாங்கி விற்பவர். நகரத்தில் ஓர் ஆலோசனை நிலையத்தார் இரண்டரை இலட்சம் கேட்டிருக்கிறார்கள். பயிர் நோயைக் கணினி கண்டறிவது பற்றி மகள் பெயரில் கட்டுரை ஆயத்தமாகுமாம். மனைவியின் நகையை அடகு வைக்கலாமா என்பதே அவர் கேள்வி. நாம் அவருக்குப் பதில் சொல்லாமல், "நீ எதையாவது நீயாகவே கவனித்து எழுதி வைத்திருக்கிறாயா, அம்மா?" என்று பெண்ணைக் கேட்டோம். தயங்கித் தயங்கி இரண்டு நோட்டுகளை எடுத்தாள். தங்கள் ஊர்க் கிணறுகள் நான்கில் கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, வாரந்தோறும் நீர்மட்டம் அளந்து குறித்திருக்கிறாள், ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு! பெரியாறு கால்வாயில் நீர் வந்து கண்மாய் பெருகியபின் எந்தக் கிணறு முதலில் ஏறுகிறது, எது அசையாமல் கிடக்கிறது என்பதெல்லாம் அதில் இருந்தது. ஆலோசனை நிலையத்தார் அந்நோட்டுகளைப் புரட்டியும் பார்க்கவில்லையாம்.

நகை வீட்டிலேயே இருக்கட்டும் என்றோம். தகப்பனாருக்கு முழுச் சம்மதமில்லை. "கிணத்து ஆழத்தைப் படிச்சுட்டு வெள்ளைக்காரன் இடம் குடுப்பானா, சாமி?" என்றார். கொடுப்பான் என்று நம்மால் உறுதி கூற முடியவில்லை, அதையும் சொன்னோம். ஆனால் அந்த அளவுகளைப் பற்றி யார் எதைக் கேட்டாலும் உம் மகள் பதில் சொல்வாள். பயிர் நோயைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வாள் என்று வினவினோம். பேசாமல் இருந்தார்.

பெண் பதினொரு பக்கம் எழுதினாள். பள்ளியின் பௌதிக ஆசிரியை அதைத் திருத்தினார். எண்களைத் தொடவில்லை, கேள்விகளை மட்டும் ஓரத்தில் எழுதினார். மூன்றாம் கிணற்றுக்கு ஐந்து வாரம் அளவு இல்லையே, ஏன் என்பது ஒரு கேள்வி. கிணற்றுக்காரர் மோட்டார் பழுது பார்க்கும்வரை உள்ளே விடவில்லை என்று அடியில் எழுதியிருக்கிறாள். அவ்வைந்து கட்டங்களையும் வெறுமையாகவே விட்டு, கட்டுரையை விண்ணப்பத்தோடு அனுப்பினாள்.