பட்டி ஏன் வெடிக்கிறது?

பழைய கார் வாங்கியவர்களின் புகார்களில் ஒன்று ஊருக்கு ஊர் மாறுவதே இல்லை. வாங்கும்போது பளபளவென்று இருந்த பின்சக்கர வளைவில், அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் மயிரிழைக் கோடு ஒன்று விழுகிறது. பிறகு அதன் ஓரம் உப்புகிறது. ஒருநாள் வண்டி கழுவும்போது உள்ளங்கை அகலத்துக்குப் பட்டி, அதாவது தகட்டின் பள்ளத்தை நிரப்பப் பூசும் பசை, பெயர்ந்து கையோடு வந்துவிடுகிறது. பெயிண்டர் ஏமாற்றிவிட்டான் என்பதுதான் உடனடித் தீர்ப்பு. சென்னைப் புதுப்பேட்டையில், கூவத்தை ஒட்டிய டிங்கரிங் ஷெட்டுகளில் இந்த வேலை நடப்பதைப் பார்த்த பிறகு அந்தத் தீர்ப்பை என்னால் ஏற்க முடியவில்லை. வேலை செய்பவனுக்குக் கொடுக்கப்படாத நேரம்தான் பெரும்பாலான வெடிப்புகளுக்குக் காரணம் என்பது என் கட்சி. அதற்கான சாட்சியம் வெடித்த இடத்திலேயே இருக்கிறது.

வெடிப்பு எல்லாம் ஒரே சாதி இல்லை. வறண்ட ஏரித் தரைபோல் நாலாபுறமும் பிரிந்திருந்தால் பட்டியைத் தடிமனாக ஒரே இழுப்பில் அப்பியிருக்கிறார்கள், அல்லது அதை இறுக வைக்கும் ஹார்டனரை அள்ளிப் போட்டிருக்கிறார்கள். ஒரே கோடாக நேராக ஓடினால் அடியில் வெல்டிங் இணைப்பு இருக்கிறது; வண்டி குலுங்கும்போதெல்லாம் தகடு அங்கே அசைகிறது, பட்டியால் கூட அசைய முடியவில்லை. கொப்புளமாக எழும்பினால் துரு. பெயர்ந்து விழுந்த துண்டின் உள்பக்கம் பளிச்சென்று வழவழப்பாக இருந்தால் பழைய பெயிண்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே பட்டி இழுத்திருக்கிறார்கள். பிடிமானம் இல்லாமல் கழன்றிருக்கிறது. ஷெட்டில் ஒரு சில்லைத் திருப்பிப் பார்த்தால் அடுக்குகள் தெரிகின்றன: மேலே வெள்ளை, கீழே பழைய சிவப்பு, நடுவில் சாம்பல் நிறப் பட்டி விரல் கனத்துக்கு. கடைசியில் தகட்டை ஒட்டியிருந்த பக்கத்தில் பழுப்புத் தூள். விபத்தும் அவசரமும் எத்தனை முறை நடந்தன என்பதை அந்தச் சில்லே சொல்லிவிடுகிறது.

இந்தக் காரணங்கள் ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்தால் நேரத்தில்தான் வந்து நிற்கிறது. ஹார்டனர் போட்டுக் கலக்கும் பட்டி என்பது ஸ்டைரீனில் கரைந்த பாலியெஸ்டர் பிசினும் டால்க் பொடியும். நூறு கிராமுக்கு ஏறத்தாழ இரண்டு கிராம் ஹார்டனர் போதும். கால் மணி, இருபது நிமிஷத்தில் இறுகிவிடும். அதுவும் பொறுக்காதவர் கொஞ்சம் கூடுதலாகப் பிதுக்குகிறார். பட்டி சீக்கிரம் காய்கிறது, கூடவே மொரமொரப்பாகவும் ஆகிறது. பட்டியின் கனம் மூன்று மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது என்பது தொழில் அறிந்தவர்கள் வைத்திருக்கும் எல்லை. தகடோ ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. வெயிலில் தகடு ஒரு கணக்கில் விரியும், பட்டி வேறொரு கணக்கில். கனம் கூடக்கூட இரண்டுக்கும் இழுபறி கூடும். அப்படியானால் ஒரு அங்குலப் பள்ளத்தை என்ன செய்வது? தட்டி எடுக்க வேண்டும். அங்கேதான் டாலி வருகிறது.

டாலி என்பது உள்ளங்கையில் அடங்கும் இரும்புக் கட்டி. ஒரு முகம் தட்டை, இன்னொன்று குவிவு, விளிம்பு ஒன்று கூர்மை. தகட்டின் உள்பக்கம் கையை விட்டு டாலியை அண்டக் கொடுத்து, வெளியிலிருந்து சுத்தியால் தட்டுகிறார்கள். டாலிக்கு நேர் மேலே அடி விழுந்தால் கணீரென்று ஒலிக்கிறது. தள்ளி விழுந்தால் மொத்தென்று. பள்ளத்தைச் சுற்றி மேடு தட்டியிருக்கும் இடத்தை முதலில் இறக்க வேண்டும், நடுவை அப்புறம்தான் ஏற்ற வேண்டும் என்பதால் எங்கே கணீர், எங்கே மொத்து என்று தட்டுபவரின் காது பிரித்துக்கொண்டே போகிறது. ஓங்கி அடித்தால் தகடு நீண்டு புடைத்துவிடும், பிறகு சூடு காட்டிச் சுருக்க வேண்டும். ஒரு கதவுக்கு அரை நாள் போய்விடுகிறது. துணியை விரித்து அதன் மேல் உள்ளங்கையை ஓட்டி, கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளத்தைத் தேடுகிறார்கள். இதற்குப் பிறகு போடும் பட்டி தோசை வார்ப்பதுபோல் மெல்லிசாக ஓர் இழுப்பு, மிஞ்சினால் இரண்டு. 1950களில் அமெரிக்காவில் பாலியெஸ்டர் பட்டி பரவும்வரை பள்ளங்களை ஈயம் உருக்கித்தான் நிரப்பினார்கள். ஈயம் கனம், செலவு, நெருப்பு வேலை. ஆகவே தகட்டைத் தட்டி நேராக்குவதே லாபமாக இருந்தது. பட்டி வந்ததும் கணக்கு தலைகீழாகிவிட்டது. இன்று தட்டுவதைவிட அப்புவது மலிவு.

உப்புத்தாள், பிரைமர், சர்ஃபேசர் என்று அடுத்தடுத்து வருவதை விவரிக்கப் போவதில்லை. வண்ணம் கலந்து பழைய பெயிண்டோடு ஒத்துப்போகச் செய்யும் வித்தை என் மண்டைக்கு ஏறவும் இல்லை. ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். பட்டி ஈரத்தை உறிஞ்சும். அதை உலர்ந்த தாளால்தான் தேய்க்க வேண்டும். தண்ணீர் விட்டுத் தேய்த்தால் தூசி பறக்காது, தாளும் சீக்கிரம் அடைக்காது, வேலை ஓடும். ஆனால் பட்டி குடித்த தண்ணீர் தகடுவரை போய் உட்கார்ந்துகொள்ளும். கடலோரச் சென்னையில், ஐப்பசி மழைக்கு முன் அவசரமாக முடித்த வேலை தையில் ஏன் கொப்புளிக்கிறது என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம்.

தொழிலாளிதானே இதையெல்லாம் செய்கிறார், அவருக்குப் பொறுப்பு இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. வேலை தெரியாதவர்களும் ஷெட்டில் உண்டு, துரு மேலேயே பட்டி இழுக்கும் துணிச்சல்காரர்களும் உண்டு. ஆனால் அதே கையே, வண்டியை வைத்து ஓட்டப்போகும் சொந்தக்காரருக்கு ஒரு மாதிரியும், நாளை விற்கப்போகும் தரகருக்கு வேறு மாதிரியும் வேலை செய்கிறது. திறமையில் குறையில்லை, கொடுக்கும் கூலியும் கெடுவும் மாறுகின்றன. பெயிண்டிங்கில் உழைப்பின் பங்கு எவ்வளவு என்பதைக் காப்பீட்டுக்காரர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பெயிண்டிங் பில் பிரிக்காமல் ஒரே தொகையாக வந்தால் அதில் 25 சதவீதத்தை மட்டும் பொருள் செலவாக எடுத்துக்கொண்டு, அதன் மேல்தான் 50 சதவீதத் தேய்மானம் கழிக்கிறார்கள். மீதி முக்கால் பங்கு உழைப்பு. தரகர் பேரம் பேசிக் குறைப்பது இந்த முக்கால் பங்கைத்தான். டப்பா விலையை அவரால் குறைக்க முடியாது. அடுத்த ஞாயிறு ஆள் பார்க்க வருகிறார் என்பவரிடம் தகட்டைத் தட்ட அரை நாள் கேட்டால் வண்டி பக்கத்து ஷெட்டுக்குப் போய்விடும். மேலே அடிக்கும் கிளியர் கோட்டின் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் ஆஸ்துமா வரவழைக்கக்கூடியது. அதற்குத் தகுந்த முகமூடியும் அந்தக் கூலியில் அடங்குவதில்லை, கைக்குட்டைதான் கட்டுகிறார்கள்.

தகட்டையே மாற்றிவிட்டால் பட்டியே வேண்டாமே என்பது இன்னொரு வாதம். கதவுக்கும் பானெட்டுக்கும் பொருந்தும்; போல்ட்டைக் கழற்றி மாட்டலாம். பின்சக்கர வளைவு உடம்போடு வெல்டிங் ஆனது. வெட்டி ஒட்டினால் அந்த ஒட்டின் மேல் மறுபடியும் பட்டிதான்.

வலுவான மறுப்பு வேறொன்று. இப்போது வாங்குபவர்கள் பெயிண்ட் கனம் அளக்கும் மீட்டரோடு வருகிறார்கள். கம்பெனி பெயிண்ட் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான். ஆயிரத்தைத் தாண்டினால் அடியில் பட்டி. திருட்டுத்தனம் தெரிந்துவிடுவதால் சந்தை தானே திருந்தாதா? திருந்தாது என்றே நினைக்கிறேன். மீட்டர் கனத்தைச் சொல்கிறது, தரத்தைச் சொல்வதில்லை. தகட்டைத் தட்டி, துரு சுரண்டி, எபாக்ஸி பிரைமர் அடித்து ஒன்றரை மில்லிமீட்டர் பட்டி இழுத்த கதவும், பழைய பெயிண்டின் மேல் அதே கனத்துக்கு அப்பிய கதவும் அதற்கு ஒன்றுதான். இரண்டுக்கும் ஒரே விலைக் குறைப்பு என்றால் நல்ல வேலைக்கு எந்தத் தரகர் கூடுதல் கூலி கொடுப்பார்? மீட்டர் வந்ததால் மோசமான வேலைக்குத் தண்டனை கிடைத்தது உண்மை. நல்ல வேலைக்கும் அதே தண்டனை கிடைக்கிறது.

சட்டமும் இதைத் தொடவில்லை. 2023 ஏப்ரலில் பழைய வண்டி வியாபாரிகளுக்கு அங்கீகாரச் சான்றிதழ் முறை நடைமுறைக்கு வந்தது. வண்டி யார் பொறுப்பில் இருக்கிறது, ஆவணம் யார் பெயரில் என்பதுதான் அதன் கவலை. பட்டிக்கு அடியில் என்ன நடந்தது என்பதற்குத் தேவைப்படுவது அதைவிடச் சின்னது: தகடு வெறுமையாக இருக்கும் கட்டத்தில் செல்போனில் எடுத்த ஒரு படம், பில்லோடு சேர்த்து. சில ஷெட்டுகளில் சொந்தக்காரர்கள் கேட்டு வாங்கிப் போகிறார்கள். தரகர்கள் கேட்பதில்லை. விற்கும்போது அந்தப் படத்தைக் காட்டிக் கூடுதல் விலை கேட்க முடிந்தால் அவர்களும் கேட்பார்கள், தட்டுவதற்கான அரை நாளும் அந்த விலையில் அடங்கிவிடும்.