வலைக்கண்

அப்பா டாலஸுக்கு வந்த இரண்டாவது வாரம், பக்கத்து வீட்டுக்காரர் சுவரை ஒட்டிக் குழாய் போட்டுத் தண்ணீர் விடுவதைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"செடி ஒண்ணுமில்லையேப்பா. வீட்டுக்கா தண்ணி பாய்ச்சுறாரு?"

வீட்டுக்குத்தான். டாலஸைச் சுற்றியிருக்கும் நிலம் கரிசல். ஒரு காலத்தில் பருத்தி விளைந்த மண். ஆகஸ்ட் வெயிலில் சுருங்கி வெடித்தால் அஸ்திவாரம் ஒரு பக்கமாக இறங்கிவிடும். அதனால் ஈரம் காயவிட மாட்டார்கள். அப்பா குனிந்து ஒரு கட்டியை எடுத்து விரல்களுக்கிடையில் நசுக்கிப் பார்த்தார். "நம்ம மண்ணு" என்றார். பசுவந்தனையில் நாற்பது வருஷம் பருத்தியும் உளுந்தும் போட்டவர். அமெரிக்காவில் வேறு எதையும் அவர் 'நம்ம' என்று சொல்லி நான் கேட்டதில்லை.

அம்மா போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. ஆறு மாதத்துக்கு என்று சொல்லித்தான் அழைத்து வந்திருந்தேன். மனைவி வழியில் எனக்குக் குடியுரிமை கிடைத்துவிட்டதால் அவருக்கு கிரீன் கார்டு கேட்க முடியும். படிவங்களைக்கூட அச்செடுத்து வைத்திருந்தேன். அதைப் பற்றிப் பேச மட்டும் வாய் வரவில்லை. அதற்குப் பதிலாக மீன் பிடிக்கும் வலை ஒன்றைத் தேட ஆரம்பித்தேன்.

நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து வாங்கிய சிறிய படகு ஒன்று எங்களிடம் உண்டு. வடக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டினால் டெக்சோமா ஏரி. ரெட் ரிவரின் குறுக்கே 1944-இல் கட்டி முடித்த டெனிசன் அணையால் உண்டான ஏரி. அங்கே பெயர் பெற்றது ஸ்ட்ரைப்டு பாஸ். கடலில் வாழ்ந்து, முட்டையிட ஆற்றில் ஏறும் மீன். 1960களில் கொண்டுவந்து விட்டார்கள். ரெட் ரிவரில் கொஞ்சம் உப்பு உண்டு, முட்டை மிதந்து போக நீண்ட ஓட்டமும் உண்டு. கடலைப் பார்க்காமலேயே பெருகிவிட்டது.

முந்தைய வருஷம் என்னிடம் இருந்தது மலிவான வலை, முடிச்சுப் போட்ட நைலான் நூல். ஒரு பெரிய மீனைப் படகோரம் வரை கொண்டுவந்து வலையை நீட்டினேன். மூன்று முனை முள்ளில் ஒன்று மீன் வாயில், இன்னொன்று வெளியே. வெளியே இருந்தது வலையின் வெளிப்புறத்தில் மாட்டிக்கொண்டது. மீன் இன்னும் உள்ளே வரவில்லை. ஒரே உதறல், போய்விட்டது.

அதனால் இந்த முறை எக்செல் போட்டேன். வளையத்தின் அகலம், பையின் ஆழம், பிடியின் நீளம், எடை, விலை. நைலான் இலேசானது, தண்ணீரில் வேகமாக வீசலாம். ஆனால் முடிச்சுகள் மீனின் மேலிருக்கும் வழவழப்பை உரித்துவிடும், துடுப்பைக் கிழிக்கும். அந்த வழவழப்புதான் கிருமி அண்டாமல் காப்பது. ரப்பர் பூசிய வலையில் முள் சிக்காது, மீனும் உரசாது, ஆனால் தண்ணீரில் கனமாக இழுக்கும். பை ஆழமாக இருந்தால் மீன் துள்ளி வெளியேறாது. அடிப்பாகம் தட்டையாக இருந்தால் மடங்காமல் படுத்திருக்கும். நீட்டி மடக்கும் பிடி வசதியானது, ஆனால் பாரம் ஏறினால் மூட்டில்தான் வளையும்.

கடையில் அப்பா ஒவ்வொரு வலைக்குள்ளும் புறங்கையை விட்டுத் தேய்த்துப் பார்த்தார். நைலானை உடனே தள்ளிவைத்தார். "கையே எரியுது. மீனுக்கு எரியாதா?" என் பட்டியல் சொன்னதும் அதே ரப்பர் வலைதான். எனக்கு மூன்று நாள் ஆனது, அவருக்கு ஒரு நிமிஷம்.

அவருடைய மீன்பிடி வேறு. கண்மாய் வற்றும்போது ஊரே சகதியில் இறங்கும். மேலும் கீழும் திறந்த மூங்கில் ஊத்தாவைச் சேற்றில் அமுக்கி, உள்ளே ஏதாவது முட்டினால் மேல்வாய் வழியாகக் கையை விட்டுத் துழாவ வேண்டும். விராலா, கெளுத்தியா என்று விரல்தான் சொல்லும். கெளுத்தி என்றால் முள் குத்திவிட்டே சொல்லும்.

அக்டோபர் முதல் வாரம் விடியலில் போனோம். முதல் மீன் வந்ததும் நான் பதற்றத்தில் "அப்பா, பின்னாடி போட்டுக் கோருங்க" என்று கத்தினேன். அவர் அசையவில்லை. வலையைத் தண்ணீருக்குள் அமிழ்த்தியபடி இருந்தார். "அத விரட்டாத. தலைய இந்தப் பக்கம் திருப்பி விடு, தானா வரும்." தலை உள்ளே நுழைந்ததும் வளையத்தைத் தூக்கினார். பிடியைக் கிடையாக நெம்பாமல், செங்குத்தாக இழுத்துப் படகுக்குள் கொண்டுவந்தார். இதை யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

அங்கே ஒருவருக்கு ஒரு நாளைக்குப் பத்து மீன். அதில் 20 அங்குலமும் அதற்கு மேலும் இருப்பவை இரண்டுதான் வைத்துக்கொள்ளலாம். என் பங்கு இரண்டு பெரியவை ஏறிவிட்டன. மூன்றாவதும் பெரியது. என் தூண்டிலில்தான் விழுந்தது.

"இத விட்டுறணும்ப்பா. சட்டம்."

அப்பா வலையை வெளியே தூக்கவேயில்லை. தண்ணீரிலேயே வைத்து முள்ளைக் கழற்றச் சொன்னார். மீன் அந்த ரப்பர் பைக்குள் செவுளை அசைத்தபடி கிடந்தது. "நல்ல வலைதான். உள்ள இருக்கது அதுக்கே தெரியல" என்றார். பிறகு வளையத்தைச் சாய்த்தார். அது உடனே போகவில்லை. ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் போனது.

அப்போது கேட்டுவிட்டேன். "இங்கயே இருந்துருங்களேன்ப்பா. அங்க தனியா என்ன செய்வீங்க?"

கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்தார்.

"புரட்டாசி முடியப் போகுது. காட்டுல விதைச்சிருப்பாங்க. நம்ம துண்டு மட்டும் தரிசாக் கிடக்கும்." பிறகு, "ஒன் மேல கோபமில்லய்யா. நல்லாத்தான் வச்சிருக்க" என்றார்.

நல்லாத்தான் வைத்திருந்தேன். மாத்திரைக்கு அலாரம், யூடியூபில் தமிழ்ச் செய்தி, தனி அறை, கட்டிலுக்குப் பக்கத்தில் சுக்குக் காப்பிப் பொடி. ஒன்றும் உரசாதபடி எல்லாம் யோசித்துத்தான் செய்திருந்தேன். அதையெல்லாம் அவருக்காகச் செய்தேனா, அம்மாவின் கடைசி நாட்களில் பக்கத்தில் இல்லாத எனக்காகச் செய்தேனா என்று அன்றைக்குத் திரும்பி வரும் வழியில்தான் முதல்முறையாக என்னையே கேட்டுக்கொண்டேன். பக்கத்து இருக்கையில் அவர் தூங்கிக்கொண்டிருந்தார். கையில் மீன் வாடை.

அந்த வாரமே டிக்கெட்டை மாற்றினேன். படிவங்கள் இன்னும் மேசை இழுப்பறையில் கிடக்கின்றன. கிழிக்க மனம் வரவில்லை.

கார்த்திகையில் போன் செய்தார். பிந்தி விதைத்தாலும் உளுந்து முளைத்துவிட்டதாம். கண்மாயில் தண்ணீர் ஏறிவிட்டதாம்.

"பங்குனியில வத்திரும். மீன் பிடிக்க வர்றியா?"

வலையைக் கொண்டுவரட்டுமா என்று கேட்டேன்.

"அது எதுக்கு? கைய வீசிட்டு வா. ஊத்தா கெடக்கு."