வராத நோயின் கணக்கு

2005 ஜனவரியில் நாகப்பட்டினத்தில் காலரா பரவவில்லை. ஆழிப்பேரலையைப் பற்றி எழுதப்பட்ட எத்தனையோ பக்கங்களில் இந்த ஒரு வரி மட்டும் அநேகமாக விடுபட்டிருக்கும். அந்த மாவட்டத்தில் ஒரே காலையில் 6,000-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். அக்கரைப்பேட்டையிலும் கீச்சாங்குப்பத்திலும் மிச்சமிருந்தவர்கள் பள்ளிக்கூடங்களிலும் கல்யாண மண்டபங்களிலும் நெருக்கியடித்துக் கிடந்தார்கள். கிணறுகளில் கடல்நீர், தெருவெல்லாம் சேறு, கழிப்பறைக்கு வழியில்லை. பேதியும் தட்டம்மையும் பரவ வேறென்ன வேண்டும்? ஆனாலும் பெரிதாக எதுவும் பரவவில்லை.

சித்தப்பா அப்போது சுகாதார ஆய்வாளர். வெளி மாவட்டங்களிலிருந்து வேனில் வந்திறங்கிய ஆட்களோடு சேர்ந்து முகாம் முகாமாக அலைந்தார். அவர் பையில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அதில் ஒரு கண்ணாடிக் குழாய், ஓ.டி. திரவம் உள்ள குப்பி, நிறம் ஒப்பிட ஓர் அட்டை. தண்ணீர் லாரி வந்து நின்றால் குழாயில் நீரைப் பிடித்து, சில சொட்டு திரவம் விட்டு, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்பார். குளோரின் இருந்தால் நீர் மஞ்சளாகும். லாரிக்காரர்களுக்கு அவசரம்.

“சார், இன்னும் நாலு எடத்துக்குப் போவணும். வுடுங்க சார்.”

“மஞ்ச வரட்டும்ப்பா. அப்பறம் தொறந்துவுடு.”

அந்த நாட்களில் அவர் வீட்டுக்கு வந்தால் சட்டையிலிருந்து பிளீச்சிங் பவுடர் நெடி வரும். திறந்து போட்ட மூட்டையில் குளோரின் பறந்துபோய்விடும், மிஞ்சுவது வெறும் சுண்ணாம்பு என்று சொல்லிக்கொண்டே இருப்பார். பெரிய மனிதர்கள் வருகிறார்கள் என்று சாலையின் இரு ஓரமும் வெள்ளைக்கோடு போட்டாற்போல் பவுடர் தூவுவதைப் பார்த்தால் அவருக்கு மனசு ஆறாது. அந்த மூட்டை தண்ணீர்த் தொட்டிக்குப் போக வேண்டியது என்பார். ஏற்பாடு செய்வது வேறு, செய்திருப்பதாகக் காட்டுவது வேறு என்று நான் அறிந்துகொண்டது அந்த வெள்ளைக்கோட்டைப் பார்த்துத்தான்.

எங்கள் அப்பாயிக்கு அந்த நெடி பிடிக்கும். அவளுடைய அம்மா காலத்தில் ஊருக்கு ஊர் பாடை கட்டிய காய்ச்சலைப் பற்றிக் கேள்விப்பட்டு வளர்ந்தவள் அவள். 1918-இல் பம்பாய்த் துறைமுகம் வழியாக வந்த இன்ஃபுளுயன்சா அது. இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. 1911-க்கும் 1921-க்கும் இடையில் இந்த நாட்டின் மக்கள்தொகை கூடவில்லை, குறைந்தது. நவீன மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தொடங்கியபின் அப்படி ஆன ஒரே பத்தாண்டு அதுதான். அதற்கடுத்த சில ஆண்டுகளில் சென்னை மாகாணத்தில் பொது சுகாதாரத்துக்கென்று தனித்துறை வந்தது. மருத்துவமனைகளைப் பார்ப்பது ஒரு துறை, நோய் வராமல் பார்ப்பது இன்னொரு துறை. 1939-இல் சென்னை பொது சுகாதாரச் சட்டம். இந்தியாவில் வேறெந்த மாகாணத்துக்கும் அன்றைக்கு அப்படியொரு முழுமையான சட்டம் இல்லை. குடிநீர், சாக்கடை, சந்தை, திருவிழா, தொற்றுநோய் என்று எல்லாவற்றுக்கும் பொறுப்பான அதிகாரி யார் என்று அது எழுதி வைத்தது. சித்தப்பா கையில் பெட்டியோடு லாரியை நிறுத்த முடிந்ததற்குப் பின்னால் அந்தச் சட்டம் இருந்தது.

அதற்கும் முந்தைய சட்டம் ஒன்று உண்டு, 1897-ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டம். பம்பாயில் 1896-இல் பிளேக் வந்த பயத்தில் அவசரமாக இயற்றியது. சில வரிகளே உள்ள அந்தச் சட்டம் அரசுக்கு அதிகாரத்தைக் கொடுத்தது. கடமை என்னவென்று பேசவில்லை. அதே ஆண்டு பூனாவில் பட்டாளத்தார் வீடு புகுந்து பெண்களையும் நோயாளிகளையும் இழுத்துப் போட்டுச் சோதித்தார்கள். பிளேக் அதிகாரி ராண்டைச் சாபேகர் சகோதரர்கள் சுட்டுக் கொன்றது அந்தக் கோபத்தில்தான். நோயைத் தேடிப்போன அரசைக் கண்டு ஜனங்கள் நோயாளியை ஒளித்து வைத்தார்கள். 2020 மார்ச்சில் நம்மை வீட்டுக்குள் இருக்கச் சொன்னபோதும் அரசுகள் கையில் எடுத்தவற்றுள் ஒன்று அதே 1897-ஆம் ஆண்டுச் சட்டம்.

வீடு புகுவது எப்போதும் அப்படித்தான் முடியும் என்றில்லை. பெரியம்மை ஒழிப்புக் காலத்தில், 1973-க்குப் பிறகு, வட மாநிலங்களில் வீடு வீடாகத் தேடிய ஊழியர்கள் கையில் ஒரு படம் இருக்கும். முகமெல்லாம் கொப்புளமாய் ஒரு குழந்தை. “இப்படி யாரையாவது பார்த்தீர்களா?” என்று அதைக் காட்டிக் கேட்பார்கள். தகவல் சொன்னவருக்கு அரசு பரிசு கொடுத்தது. நோய் குறையக் குறையப் பரிசுத்தொகையைக் கூட்டிக்கொண்டே போனார்கள். இந்தப் பழைய கதைகளில் என்னை அதிகம் ஈர்த்த விவரம் இதுதான். நோய் குறைந்துவிட்டதே, செலவைக் குறைப்போம் என்று நினைக்காமல், கடைசி நோயாளியைக் கண்டுபிடிக்கத்தான் கூடுதல் செலவாகும் என்று புரிந்துவைத்திருந்தார்கள். 1975-இல் பெரியம்மை இந்த மண்ணைவிட்டுப் போனது. போனபிறகும் ஈராண்டு தேடினார்கள். 1977-இல்தான் ஒழிந்தது என்று அறிவித்தார்கள்.

சித்தி கிராம சுகாதார செவிலியர். அவருக்கு வாய்த்தவை துணை சுகாதார நிலையமும் ஐயாயிரத்துச் சொச்சம் ஜனங்களும். யார் வீட்டில் எத்தனை மாதம், எந்தக் குழந்தைக்கு எந்த ஊசி பாக்கி, யாருக்குச் சர்க்கரை என்று நோட்டைப் பார்க்காமலே சொல்வார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி வைக்கும் குளிர்பதனப் பெட்டி ஒன்று உண்டு, ஐ.எல்.ஆர். என்பார்கள். உள்ளே வெப்பம் 2 டிகிரிக்குக் கீழேயும் போகக்கூடாது, 8-க்கு மேலேயும் போகக்கூடாது. காலையிலும் மாலையிலும் அளவைப் பார்த்துப் பெட்டிமேல் ஒட்டிய தாளில் குறிக்க வேண்டும். ஞாயிறு, தீபாவளி, பொங்கல் எதற்கும் விலக்கில்லை. குப்பியின் மேல் ஒரு சின்ன வட்டமும் அதற்குள் ஒரு வெளிர்ச் சதுரமும் இருக்கும். சூடு பட்டால் சதுரம் கறுத்துக்கொண்டே வந்து வட்டத்தின் நிறத்தைத் தொட்டுவிடும். தொட்டால் மருந்து வீண். வெளியே எடுக்கும் ஒவ்வொரு குப்பியையும் சித்தி கண்ணுக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுத்தான் ஊசியில் ஏற்றுவார். போலியோவுக்காகவும் தட்டம்மைக்காகவும் பல வருஷமாகப் பழகிய பெட்டியும் கண்ணும்தான் 2021-இல் கோவிட் தடுப்பூசி வந்தபோது கைகொடுத்தன. அந்தப் பழக்கத்தைப் புதிதாக விலைக்கு வாங்கியிருக்க முடியாது.

முதல் அலை தணிந்த பிறகும் சித்தி வீடு வீடாகக் காய்ச்சல் கேட்டுப் போய்க்கொண்டிருந்தார். ஒருநாள் திண்ணையில் உட்கார்ந்திருந்த பாட்டி சலித்துக்கொண்டாள்.

“காய்ச்சதான் போயிருச்சே நர்சம்மா. இன்னும் ஏன் வெயில்ல அலையிற?”

“போயிருச்சான்னு பாக்கத்தான் ஆத்தா வர்றேன். உக்காரு, கையக் காட்டு.”

பாட்டி விரலை நீட்டினாள். பூனாவில் கதவைச் சாத்திக்கொண்ட ஜனங்களுக்கும் இந்தப் பாட்டிக்கும் நடுவே இருப்பது சித்தியின் முகம். பிரசவம் பார்த்த முகம், பேரனுக்கு ஊசி போட்டு அழவைத்த முகம். தொற்றுக்காலத் தகவல்தொடர்பு என்று திட்ட ஆவணங்களில் ஒரு அத்தியாயம் எழுதுகிறார்கள். எங்கள் ஊரில் அது நடந்தே வரும்.

அடுத்து வந்த இரண்டாம் அலையில் ஓர் ஊர் அரசு மருத்துவமனைக்கு உறவினர் ஒருவருக்காகப் போயிருந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நின்றன. உள்ளே ஓர் அறையில் புது வென்டிலேட்டர்கள், மேல்சுற்றிய பிளாஸ்டிக் தாள்கூடப் பிரிக்கப்படவில்லை. “ஓட்ட ஆள் இல்லைங்க” என்றார் அங்கிருந்த செவிலியர். அவர் கண் சிவந்திருந்தது. எத்தனை இரவு தூங்கவில்லையோ. ஒரு வென்டிலேட்டரைக் கவனிக்க மூன்று ஷிஃப்டுக்கும் பயிற்சி பெற்ற செவிலியர் வேண்டும், மயக்க மருந்து நிபுணர் வேண்டும், பழுது பார்க்க மெக்கானிக் வேண்டும். எந்திரத்தைச் சில வாரத்தில் வரவழைக்கலாம். மனிதர்களை உருவாக்க வருஷங்கள் ஆகும்.

நம்மிடம் நல்ல உதாரணமும் இருக்கிறது. 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மாவட்டந்தோறும் மருந்துக் கிடங்கு கட்டியது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக். வங்கியில் பணம் எடுப்பதுபோல் மருந்தை எடுக்க வேண்டியது, மிச்சம் எவ்வளவு என்று அதிலேயே தெரியும். கொள்ளைநோயை மனதில் வைத்து யாரும் அதைக் கட்டவில்லை. சாதாரண நாளில் பாராசிட்டமால் தீர்ந்துபோகாமல் இருக்கக் கட்டியது. கிண்டி கிங் நிலையமும் அப்படித்தான். 1899-இல் அம்மைத் தடுப்பு மருந்து தயாரிக்கத் தொடங்கிய இடம். 2020-இல் தமிழ்நாட்டின் முதல் கோவிட் பரிசோதனை அங்கேதான் நடந்தது. சில மாதத்தில் மாநிலத்தின் ஆய்வகங்கள் நூற்றைத் தாண்டின என்றால், தொடங்கிவைக்க அறிந்த கைகள் அங்கே ஏற்கெனவே இருந்தன.

இருந்ததை நாமே கைவிட்ட கதையும் இதே மாநிலத்தில்தான். குன்னூர் சிம்ஸ் பூங்காவுக்குப் பக்கத்தில் 1907-இல் தொடங்கிய பாஸ்டர் நிலையம் இருக்கிறது. அங்கே தயாரான முத்தடுப்பு ஊசியும், கிண்டி பி.சி.ஜி. ஆய்வகத்தின் காசநோய் ஊசியும் நாட்டுக் குழந்தைகளுக்கெல்லாம் போயின. நவீன தயாரிப்பு விதிகளுக்கு ஏற்றபடி கட்டடங்கள் இல்லை என்று 2008 ஜனவரியில், இமாச்சலத்தின் கசௌலி நிலையத்தையும் சேர்த்து, மூன்றின் உரிமத்தையும் நிறுத்தினார்கள். விதிகள் தேவைதான். ஆனால் பழையதைப் புதுப்பித்துக்கொண்டே ஓட்டியிருக்கலாம். 2010-இல் தடையை நீக்கியபோது ஓட்டம் நின்றுபோயிருந்தது. அதற்கு மாற்றாகச் செங்கல்பட்டை அடுத்த திருமணியில் 100 ஏக்கரில் ஒருங்கிணைந்த தடுப்பூசி வளாகம் எழுந்தது. திட்ட மதிப்பு 594 கோடி ரூபாய். 2021 மே மாதம், ஊசிக்காக ஜனங்கள் விடியற்காலையிலேயே வரிசையில் நின்றபோது, அந்த வளாகம் சும்மா கிடந்தது. முதல்வர் மு.க. ஸ்டாலின் நேரில் போய்ப் பார்த்து, மாநிலத்திடம் ஒப்படைக்கச் சொல்லிப் பிரதமருக்கு எழுதினார். அந்தப் பெருந்தொற்றுக் காலம் முழுக்க அங்கிருந்து ஒரு கோவிட் ஊசிக் குப்பிகூட வெளியே வரவில்லை. அந்த வழியாக ரயிலில் போகும்போதெல்லாம் இந்த நினைப்பு வந்து நெஞ்சு கனக்கும்.

சித்தப்பாவின் பெட்டியை இந்த இடத்தில்தான் நினைத்துக்கொள்கிறேன். அந்தத் திரவம் காலாவதியாகாமல் அடிக்கடி மாற்ற வேண்டும். ஆழிப்பேரலைக்கு முந்தைய ஆண்டுகளில், எந்த ஆபத்தும் இல்லாத சாதாரணக் குடிநீர்த் தொட்டிகளில், அவர் அதை மாதக்கணக்கில் சொட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது யாராவது தணிக்கை செய்து, இந்த ஊரில் காலராவே இல்லையே, இந்த வேலை எதற்கு என்று கேட்டிருந்தால் அவரால் எதைக் காட்டியிருக்க முடியும்? வராத நோய்க்குப் பதிவேடு கிடையாது. 2018 மே மாதம் கோழிக்கோட்டில் ஒரே குடும்பத்தில் இரண்டாவது ஆள் மூளைக்காய்ச்சலோடு வந்தபோது மருத்துவர்கள் சந்தேகப்பட்டு மாதிரியை அனுப்பினார்கள். நிபா என்று தெரிந்தது. தொடர்பில் இருந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பட்டியலிட்டுக் கண்காணித்தார்கள். 17 பேர் இறந்தார்கள். பேராம்பிராவில் முதல் நோயாளிகளைக் கவனித்த செவிலியர் லினி அவர்களில் ஒருவர். அவ்வளவோடு நின்றதே என்று நாம் அன்று பெருமூச்சு விட்டோம். நின்றது தானாக நிற்கவில்லை.

நிதி ஆயோக் 2024 செப்டம்பரில் எதிர்காலப் பெருந்தொற்றுக்கான அறிக்கை ஒன்றை வெளியிட்டது. முதல் 100 நாளில் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்கிறது. 1897-ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்கு மேலாகப் பொது சுகாதார அவசரநிலைக்கெனப் புதுச் சட்டம் கேட்கிறது. 2025 மே மாதம் ஜெனீவாவில் உலக சுகாதாரப் பேரவை பெருந்தொற்று ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டது. இரண்டும் வேண்டியவைதான், வரவேற்கிறேன். ஆனால் அந்த 100 நாளை முதல் நாளில் தொடங்க வேண்டியவர் யார்? வித்தியாசமான இரண்டாவது காய்ச்சலைக் கவனித்து மேலே சொல்லும் ஒரு செவிலியர்தான். கோவிட் காலத்தில் ஒப்பந்தத்தில் சேர்த்த செவிலியர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பணியைத் தமிழ்நாடு அரசு 2022 டிசம்பர் 31-க்குப் பிறகு நீட்டிக்கவில்லை. அவர்கள் தெருவில் உட்கார்ந்து போராடினார்கள். வேறு திட்டங்களில் வேலை தருவதாக அரசு பிறகு சொன்னது. பெருந்தொற்றை நேருக்கு நேர் பார்த்துக் கற்றவர்கள் அவர்கள். அந்த அனுபவம் நாம் கையில் வைத்திருந்த சொத்து.

அவ்வப்போது ஒத்திகை நடத்துகிறார்கள், ஆக்சிஜன் ஆலையைத் திறந்து காட்டுகிறார்கள், படம் பிடிக்கிறார்கள். நடத்தட்டும். கூடவே நாம் நம் ஊர்ச் சட்டமன்ற உறுப்பினரிடமும் நிதிநிலை அறிக்கை விவாதத்திலும் கேட்க வேண்டிய கேள்விகள் சில இருக்கின்றன. நம் துணை சுகாதார நிலையத்தில் செவிலியர் பணியிடம் காலியா? சுகாதார ஆய்வாளர் எத்தனை ஊருக்கு ஒருவர்? ஆக்சிஜன் ஆலையைப் பராமரிக்கச் சம்பளம் வாங்கும் மெக்கானிக் உண்டா? ஆய்வகத்துக்கு வேதிப்பொருள் வாங்க இந்த ஆண்டும் பணம் ஒதுக்கினார்களா? செங்கல்பட்டு வளாகம் எப்போது ஊசி தரும்? நோய் வந்தபிறகு கேட்டால் இவற்றுக்குப் பதில் சொல்ல யாருக்கும் நேரம் இருக்காது. ஊர் நலமாக இருக்கும் இப்போதே கேட்டு, பதில் வரும்வரை விடாமல் இருப்பதுதான் நம் பங்கு வேலை.