பட்டியல் எழுதும் கைகள்

போக்குவரத்துக் கழக ஊழியர்களிடம் சம்பளம் பற்றிப் பேசினால் ‘12(3)’ என்ற எண் தானாக வந்து விழும். 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம் தந்த எண் அது. சமரச அதிகாரி முன்னிலையில் கையெழுத்தான ஒப்பந்தம் எல்லா ஊழியரையும் சேரும் என்று அந்தச் சட்டம் வகுத்தது; சங்கத்தில் சேராதவரையும், நாளை வேலைக்கு வருபவரையும்கூட. இருதரப்பும் தமக்குள் போட்டுக்கொள்ளும் 18(1) ஒப்பந்தத்துக்கு அந்த வீச்சு இருக்கவில்லை.

எனக்குப் பெரிதாகப் படுவது பேச்சுவார்த்தை மேசைக்கு முந்தைய வேலைதான். ஓட்டுநர், நடத்துநர், பணிமனைத் தொழிலாளி என ஒவ்வொருவர் தேவையும் வேறு. வாயிற்கூட்டங்களில் பேசிப் பேசித்தான் அவை ஒரே கோரிக்கைப் பட்டியலாகின்றன. மேலாளர் அறையில் தனியாக நின்று கேட்பவருக்கு என்ன பலம் இருக்கிறது?

போக்குவரத்துக் கழக ஊழியர்களின் 2024 ஜனவரி வேலைநிறுத்தக் கோரிக்கைகளில் ஓய்வுபெற்றவர்களின் அகவிலைப்படியும் இருந்தது. இனி பேருந்து ஏறாத தோழர்களுக்காகப் பணியில் இருப்பவர்கள் சம்பளத்தை இழக்கத் துணிந்தார்கள். அவர்கள்மீது எனக்குப் பெரும் மரியாதை.